மாமனார், முழுத் தெளிவில்

மாமனாரை அடக்கம் செய்துவிட்டு வந்த களைப்புகூடத் தீரவில்லை. அதற்குள் வீட்டில் எல்லோருடைய துக்கமும் ஒரே ஆள்மேல் கோபமாகத் திரும்பிவிட்டது. அந்த ஆள் மருமகன்.

அந்தக் குடும்பத்தில் அவனுக்கு 'வீடியோ மாப்பிள்ளை' என்று பெயர். கல்யாணப் பேச்சு நடந்தபோது மாமனார், "தம்பி என்ன பண்றீங்க?" என்று கேட்டார். "வீடியோ எடிட்டிங்" என்றான். "அது சரி, வேலை என்ன?" என்று அவர் மறுபடியும் கேட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். மாமனார் லிஃப்ட் மெக்கானிக்காகவே வாழ்ந்து முடித்த மனுஷர். கையில் கிரீஸ் படியாத எதையும் வேலை என்று அவர் ஒப்புக்கொண்டதே இல்லை. மருமகனோ தண்ணீர் பம்ப், கிரேன், கதவுக் கீல் என்று கம்பெனிகளுக்கு விளம்பரப் படம் வெட்டி ஒட்டுகிறவன். ஒரு கதவுக் கீலைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி காட்டுவான். ஆனால் மாமனார் கண்ணுக்கு அவன் கடைசி வரை வேலை கிடைக்காத பையன்தான்.

இறுதி நிகழ்ச்சிக்கு வர முடியாமல் போன ஒரே முக்கியமான ஆள் பெரியத்தை. மாமனாரின் அக்கா. கடல் தாண்டி மகள் வீட்டில் இருந்தார். முட்டியில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "நான் வராட்டி என்ன, நீங்க பிடிச்சு அனுப்புங்க மாப்பிள்ளை. என் தம்பி மூஞ்சிய நான் நல்லா ஒரு தடவை பாத்துக்கறேன்" என்று ஃபோனில் அழுதார். அவன் ஆபீஸிலிருந்து உயர்ந்த ரகக் கேமரா இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒன்றை நிகழ்ச்சி நடந்த மண்டபத்தின் மூலையில் நிறுத்தி, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஆரம்பம் முதல் முடிவு வரை பிடித்தான். அழகாகத் தொகுத்தான்.

பிறகு ஒரு தப்புச் செய்தான். மனைவியின் அண்ணன், அதாவது அவனுடைய மச்சான், "போடு மாப்ள, போடு மாப்ள" என்று உயிரை எடுத்ததில், வீடியோவை அப்படியே குடும்ப குரூப்பில் போட்டுவிட்டான். குரூப்பில் விழுந்த வீடியோவை அந்த ஆப் தன் இஷ்டத்துக்குப் பிழிந்து சக்கையாக்கித்தான் அடுத்தவருக்குக் கொடுக்கும். தொழில்காரனான அவனுக்கு அது தெரியாததல்ல. அவசரத்தில் அசந்துவிட்டான்.

மறுநாளே பெரியத்தை கூப்பிட்டார். மாமியார் ஸ்பீக்கரைப் போட்டார்.

"மாப்பிள்ளை, பெட்டி தெரியுது, பூ தெரியுது. என் தம்பி மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல மட்டும் கட்டம் கட்டமா என்னமோ இருக்கு. அவன் செத்துட்டான்னு சொன்னாங்க. கரைஞ்சு போயிட்டான்னு யாரும் சொல்லலையே?"

"அத்தை, நம்ம வீட்டு நிபுணர் எடுத்த படம். அப்படித்தான் இருக்கும்" என்றார் மச்சான். கார் ஷோரூமில் விற்பனை செய்கிறவர். எந்த வண்டியானாலும் எந்த மனுஷனானாலும் ஒரே குரலில் பேசுவார்.

மாமியாரும் விடவில்லை. "யாரு அழறா, யாரு சும்மா நிக்கிறான்னு ஒண்ணும் புரியல. பெட்டிக்குப் பக்கத்துல ஒரு பூச்சாடி, லேசா ஆடுதேன்னு பாத்துட்டே இருந்தேன். கடைசியில பாத்தா அது நான்."

மருமகனுக்குச் சுருக்கென்றது. கதவுக் கீலுக்குக் கிடைத்த மரியாதை தன் கையால் மாமனாருக்குக் கிடைக்காமல் போயிற்றே என்ற வருத்தம் ஒரு பக்கம். மச்சான் வாயிலிருந்து 'நிபுணர்' என்ற சொல் வந்த விதம் மறுபக்கம். "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒழுங்கா ஏத்திடறேன் பெரியத்தை. உங்க தம்பியோட புருவத்தை எண்ணிப் பாக்கலாம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

ஞாயிறு காலையில் மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைப் பரப்பினான். கேமராவிலிருந்து வந்த கோப்பு மலை மாதிரி இருந்தது. அதை அப்படியே இணையத்தில் ஏற்றினால் மாமனாரின் முதல் வருஷ நினைவு நாளுக்குள் ஏறி முடியலாம். எனவே சுருக்க வேண்டும். ஆனால் தெளிவு கெடாமல் சுருக்க வேண்டும். அதில்தான் கைவேலை இருக்கிறது.

மனைவி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. "எப்படிங்க சுருக்கறது? துணி மடிக்கிற மாதிரியா?"

"இல்ல. படத்துல அசையாத எடத்தை ஒரு தடவை சொல்லிட்டு, 'அதே மாதிரிதான் இருக்கு, அதே மாதிரிதான் இருக்கு'ன்னு ஓட்டிடும். எது அசையுதோ அதை மட்டும் புதுசு புதுசா எழுதணும். அதுக்குத்தான் எடம் நிறைய வேணும்."

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். "அப்போ அப்பாவுக்கு..."

"மாமாவுக்கு எடமே வேண்டாம். அவர மாதிரி ஒத்துழைப்புக் குடுத்த ஆளை நான் என் சர்வீஸ்ல பாத்ததில்ல. உங்க அண்ணன்தான் அங்க இங்கன்னு அலைஞ்சு பாதி எடத்தைத் தின்னுட்டார்."

ஒரு நொடி அவள் முகம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா போனபின் முதல் தடவையாக.

சுருக்குகிற வேலை ஆரம்பித்ததும் லேப்டாப் காற்றாடி இரைந்தது. மேஜைத் துணி சூடேறியது. மாமியார் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்து, "இது வெடிக்குமா மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஒருவழியாக மலை ஒரு குன்றாயிற்று. இனி ஏற்ற வேண்டியதுதான்.

அந்த வீட்டு இணையம், கீழே இறக்குவதற்கு ஆறு. மேலே ஏற்றுவதற்கு வாய்க்கால். அவன் கூடத்தின் நடுவில் நின்று, ஏறி முடிகிற வரை யாரும் வைஃபையைத் தொடக்கூடாது என்று அறிவித்தான்.

"நேத்து நான் ஒரு முழுப் படத்தையே இறக்கினேன், கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள" என்றார் மச்சான்.

"இறக்கறது வேற, ஏத்தறது வேற மச்சான்."

"கார்ல ஏர்றதுக்கும் இறங்கறதுக்கும் ஒரே கதவுதான் மாப்ள."

இதற்குப் பதில் சொன்னால் சாயங்காலம் ஆகிவிடும் என்று அவன் வாயை மூடிக்கொண்டான். திரையில் பச்சைக் கோடு எறும்பு போல ஊர்ந்தது. அவனும் கோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். முக்கால்வாசி தாண்டி, முடியப்போகிறது என்று எழுந்து சோம்பல் முறித்த நேரம் பார்த்து, கோடு செத்தது. மாமியார் சட்டை இஸ்திரி போடுவதற்காக ஒரு பிளக்கைப் பிடுங்கியிருந்தார். வைஃபை பெட்டியின் பிளக்.

"ஒரே ஒரு சட்டைதான் மாப்பிள்ளை. மறுபடி சொருகிட்டேன் பாருங்க" என்றார், பெருந்தன்மையாக.

விட்ட இடத்திலிருந்து பிடிக்கும் என்று பார்த்தான். பிடிக்கவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தான். இந்தத் தடவை மேஜையை விட்டுவிட்டு, பிளக்குக்குப் பக்கத்திலேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். மச்சான் மனைவி மொபைலை எடுத்தபோது ஒரு முறை முறைத்தான். அவர் வேறு எதையும் செய்யத் தோன்றாமல் அலமாரியில் பாத்திரத்தை அடுக்கினார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வீடியோ ஏறி முடிந்தது. இணைப்பை முதல் காரியமாகப் பெரியத்தைக்கு அனுப்பினான். அவர் ஊரில் இன்னும் பொழுது விடியவில்லை, எழுந்ததும் பார்த்துக்கொள்வார். அதற்குள் மச்சான் தன் ஃபோனில் திறந்துவிட்டார்.

"இப்பவும் அதே மூட்டம்தான்! இதுக்கா எங்கள எல்லாம் கட்டிப்போட்ட?"

"பொறுங்க மச்சான். முதல்ல மட்டமாத்தான் காட்டும். உள்ள இன்னும் வெந்துட்டு இருக்கு. தெளிவானது பின்னால வரும்."

"மழுப்பாத மாப்ள. நீ என்ன போட்டாலும் எங்கப்பா மூஞ்சி தெரியாதுன்னு ஒத்துக்க."

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தன் லேப்டாப்பில் பார்த்தான். வெந்திருந்தது. கூடத்தில் இருந்த பெரிய டிவியில் இணைத்தான். "எல்லாரும் வாங்க" என்று குரல் கொடுத்தபோது அவன் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

முதல் காட்சியிலேயே எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். வெள்ளைப் பூவின் இதழில் நரம்பு தெரிந்தது. பெட்டியின் மரத்தில் ரேகை ஓடியது. பிறகு மாமனார் வந்தார். தூங்குகிறவர் மாதிரி, கோட்டுப் பொத்தான் வரை பளிச்சென்று. மனைவி அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாமியார் எழுந்து டிவிக்கு அருகே போய் நின்றார். "மூக்குல ரெண்டு முடி நீட்டிட்டு இருக்கு பாரு. வெட்டிக்கோ வெட்டிக்கோன்னு எவ்ளோ சொன்னேன். வெட்டிக்காமலே போயிட்டார்."

மச்சான்கூட, "நல்லாத்தான் இருக்கு மாப்ள" என்றார்.

அத்தோடு டிவியை அணைத்திருந்தால் அவன் அந்தக் குடும்பத்தில் நல்ல பெயரோடு இருந்திருப்பான். வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது.

முதலில் மாட்டியவர் மச்சான். பெட்டிக்குத் தலைமாட்டில், கறுப்புக் கண்ணாடி, குனிந்த தலை, குலுங்குகிற தோள். அன்றைக்குப் பார்த்தவர்கள் எல்லோரும் 'அப்பா மேல எவ்வளவு பாசம்' என்று உருகிய காட்சி. இப்போது முழுத் தெளிவில், அந்த இரண்டு கறுப்புக் கண்ணாடியிலும் இரண்டு சின்னப் பச்சை மைதானம் தெரிந்தது. மைதானத்தில் ஆட்கள் ஓடினார்கள். ஒரு பந்தும் இருந்தது.

"அது என்ன?" என்றார் மாமியார்.

"மண்டபத்துக்கு வெளிய புல்வெளி இருந்துச்சும்மா. அந்த நிழல்."

"புல்வெளியில ஸ்கோர் எதுக்குடா போட்டிருக்கு?"

மச்சான் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். அடித்த கை இறங்குவதற்குள் திரையில் அவரே வந்தார். கைக்குட்டையால் வாயைப் பொத்தி விம்முகிறார். விம்மல் முடிந்து கைக்குட்டை கொஞ்சம் நழுவியதில் பாதி கடித்த பிஸ்கட் தெரிந்தது. தாடையில் துகள்கூடத் தெரிந்தது.

"எனக்குச் சர்க்கரை கொறஞ்சு மயக்கம் வர்ற மாதிரி இருந்துச்சு" என்றார் அவர்.

"கிரீம் பிஸ்கட்" என்றார் மச்சான், பழி தீர்த்த சந்தோஷத்தில்.

அடுத்தது மாமியார். மேல்மாடி வீட்டுக்காரி அனுப்பிய பெரிய பூங்கொத்து பெட்டிக்கு நேர் முன்னால் இருந்தது. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே, மேலே துக்கமும் கீழே வேலையுமாக, அதைக் காலாலேயே நகர்த்தி நகர்த்தி ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுத் தங்கள் கொத்தை நடுவுக்கு இழுத்தார். சக்கையாகிப்போன பழைய வீடியோவில் இது, பூச்சாடி லேசாக ஆடியது போலத்தான் தெரிந்திருந்தது.

"வழியில இருந்துச்சு" என்றார் மாமியார்.

மருமகனுக்கு உள்ளூரக் குஷி தாளவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரு கை தேர்ந்தவனின் அடக்கத்தோடு நின்றான். அப்போதுதான் மூலைக் கேமராவின் காட்சி வந்தது. ஆட்கள் வாசலில் கும்பிட்டும் கைகொடுத்தும் உள்ளே வருகிறார்கள். நல்ல காட்சி, அதனால்தான் வெட்டாமல் வைத்திருந்தான். லேப்டாப்பின் சின்னத் திரையில் அவன் கவனிக்காத ஒன்று, பெரிய டிவியில், மண்டபத்தின் அந்தக் கோடியில் நடந்துகொண்டிருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்ட ஒருவன் பெட்டிக்குள் குனிகிறான். மாமனாரின் தாடையை இரண்டு விரலால் பிடித்து இடப்பக்கம் திருப்புகிறான். தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறான். திருப்தியில்லை. மறுபடி வந்து இன்னும் கொஞ்சம் திருப்புகிறான்.



"மாப்பிள்ளை," என்றார் மாமியார் மெதுவாக, "அது நீங்களா?"

"லைட்டு... லைட்டு சரியா விழல அத்தை."

"என் புருஷன் என்ன கதவுக் கீலா?"

அதற்குமேல் அங்கே நடந்ததை எழுத்தில் கொண்டுவர முடியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மச்சான் மனைவி கணவனைப் பிடித்தார். மச்சான் மருமகனைப் பிடித்தார். மாமியார் எல்லோரையும் பிடித்தார். அழுதழுது மூக்கு ஒழுகியதைத் தவிர எந்தக் குற்றமும் செய்யாத மனைவிகூட, "மூக்கு ஒழுகறதை எல்லாமா இவ்ளோ சுத்தமா காட்டுவாங்க?" என்று அவனையே கேட்டாள். கடைசியில் எல்லோர் புத்தியிலும் ஒரே சமயத்தில் ஒரு விஷயம் உறைத்தது. பெரியத்தை.

"அங்க இன்னும் விடிஞ்சிருக்காது. எடுத்துடு மாப்ள, சீக்கிரம்" என்று மச்சான் பதறினார். "பழைய மாதிரி மங்கலா ஒண்ணு போட்டுடு. கட்டம் கட்டமா இருந்துச்சே, அது ரொம்ப நல்ல வீடியோ. நான்தான் புரியாம பேசிட்டேன்."

"அப்பா மூஞ்சிய மட்டும் தெளிவா விட்டுட்டு மத்தவங்களை மறைச்சுடலாமா?" என்றார் மச்சான் மனைவி.

"எல்லா மூஞ்சியையும் மறைச்சா கடத்தல் கும்பல் அடக்கம் பண்ற மாதிரி இருக்கும்" என்றார் மாமியார்.

"அத்தை பாக்கணும்னு கேட்டது அவங்க தம்பியைத்தானே," என்றாள் மனைவி. "அவங்களுக்குக் குடுத்த வாக்கு என்ன ஆவறது?"

மருமகன் தடுமாறினான். தன் கையால் செய்ததிலேயே சுத்தமான வேலை இது. அதைத் தன் கையாலேயே நாசமாக்கச் சொல்கிறார்கள். ஆனால் அந்தத் தாடை விவகாரம் இருக்கிறதே, அது பெரியத்தைக்குத் தெரிந்தால் அவன் மானம் கப்பலேறிவிடும். கடைசியில் மானம் ஜெயித்தது. வீடியோவை இணையத்திலிருந்து நீக்கினான். 'நீக்கப்பட்டது' என்று வந்தபோது மாட்டிக்கொண்ட நாலு பேரும் மூச்சு விட்டார்கள்.

மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் மாமியாரின் ஃபோன் அடித்தது. பெரியத்தை. யாரும் எடுக்க முன்வரவில்லை. மனைவிதான் எடுத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ஏன்டி, ரெண்டாந்தடவை பாத்துட்டே இருந்தேன், பாதியில நின்னுபோச்சு. என்ன கோளாறு?"

"ரெண்டாந்தடவையா அத்தை?" மச்சானின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"முட்டி வலியில எனக்கு ஏது தூக்கம்? வந்த ஒடனே தொறந்தேன், மொதல்ல மூட்டமா இருந்துச்சு, தெளிவானதும் முழுசா பாத்துட்டேன். நீயும் இருக்கியாடா? எந்த டீம் ஜெயிச்சுது?"

"நம்ம ஆளுங்க... தோத்துட்டாங்க அத்தை" என்றார் மச்சான்.

"அதான் அப்படிக் குலுங்கினியா! நானும் என் தம்பிக்குத்தான்னு நெனச்சேன்." பெரியத்தை சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் கொஞ்ச நேரம் வேறு ஏதோவாகி, பிறகு அடங்கியது. "மாப்பிள்ளை எங்க?"

"இருக்கேன் பெரியத்தை." அவன் பிளக்குக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டிருந்தான், எதற்கும் தயாராக.

"அவனைத் திருப்பி வெச்சது நீங்கதானே?"

"ஆமா. தப்புதான்."

"நல்ல வேளை திருப்பினீங்க. சின்ன வயசுல எங்கூட சண்டை போட்டு மாடிப்படியில விழுந்து இடது கன்னத்துல தழும்பாயிடுச்சு. நான்தான் தள்ளிவிட்டேன். எவன் ஃபோட்டோ எடுத்தாலும் அந்தப் பக்கத்தைக் காட்டவே மாட்டான். சரியான பக்கம் பாத்து வெச்சிருக்கீங்க." பிறகு சொன்னார்: "புருவத்தை எண்ணலாம்னு சொன்னீங்களே, எண்ண முடியல. கண்ணு தண்ணியா போச்சு. மறுபடி ஏத்துங்க. என் மகளுக்கும் காட்டணும். இங்க விடியறதுக்கு முன்னாடியே வாக்கிங் போற ரெண்டு சிநேகிதிங்க ஃபோன்ல வந்தாங்க, அவங்களும் பாக்கணும்னு சொல்றாங்க."

"சிநேகிதிங்களா?" என்று மாமியார் அலறினார்.

"அந்தக் காலால தள்ற எடத்தைச் சொன்னேன். பாக்காம விடமாட்டேங்கறாங்க."

மனைவி ஃபோனை வைத்தாள். முதலில் மச்சான் மனைவி சிரித்தார். மாமியார், "பிஸ்கட் திங்கறவளுக்குச் சிரிப்பு வேறயா" என்று ஆரம்பித்து, தானும் சிரித்துவிட்டார். மச்சான் எழுந்து போய்த் தன் ஃபோனை அணைத்துவிட்டு வந்தார். "ஏத்து மாப்ள. யாரும் வைஃபையைத் தொட மாட்டோம்."

பச்சைக் கோடு மறுபடி ஊர ஆரம்பித்தது. அது ஊர்கிற வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. லேப்டாப்பில் இருந்த கோப்பையே டிவியில் போட்டு, விட்ட இடத்திலிருந்து மீதியைப் பார்த்தார்கள். மாமனாரோடு வேலை பார்த்த ஒரு மெக்கானிக் எழுந்து பேசுகிற இடம் வந்தது. அன்றைக்கு அந்தப் பேச்சை அந்த வீட்டு ஆட்கள் யாருமே காதில் வாங்கவில்லை. ஒருவர் பந்தாட்டத்தில் இருந்தார், ஒருவர் பிஸ்கட்டில், ஒருவர் பூங்கொத்தில், மகள் அழுகையில். படம் பிடித்தவனோ ஃபோகஸில் இருந்தான். தொகுத்தபோதும் அவன் உதட்டசைவு ஒலியோடு பொருந்துகிறதா என்று மட்டும்தான் பார்த்தான்.

"மகள் பொறக்கப்போற அன்னைக்கு இவருக்கு மேனேஜர் லீவு குடுக்கல," என்று மெக்கானிக் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "இவர் ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரத்துல மேனேஜர் லிஃப்ட்ல ஏறினார். ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நின்னுபோச்சு. இவர் டூல்ஸ் பெட்டியை எடுத்துட்டுப் போய் கதவுக்கு வெளிய உக்காந்து, 'பார்ட்ஸ் வரணும் சார், எப்ப வரும்னு தெரியல சார்'னு மரியாதையா பேசிட்டே இருந்தார். உள்ள இருந்து லீவு சாங்ஷன் ஆனதும் பார்ட்ஸ் வந்துடுச்சு."

கூடத்தில் சிரிப்பு வெடித்தது. திரைக்குள்ளும் யாரோ சிரித்தார்கள். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா?" என்றாள் மகள்.

"நீ பொறந்து அழுது ஓய்ஞ்ச பிறகுதான் வந்தார். கேட்டதுக்கு, லிஃப்ட் மாட்டிக்கிச்சுன்னார். லிஃப்ட் மெக்கானிக்குக்கு இதைவிட நல்ல பொய் கிடைக்கலியான்னு கேட்டேன். போன மாசம் வரைக்கும் சொல்லிக்காட்டிட்டு இருந்தேன்." தலையை ஆட்டிக்கொண்டார். "வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லல பாரேன். மாப்பிள்ளை, அந்த எடத்தை மறுபடி போடுங்க."

அவன் மறுபடி போட்டான். மெக்கானிக் மறுபடி மைக்கைப் பிடித்தார். மாமியார் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்து, காதை நீட்டி, ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தத் தடவை கால் சும்மாதான் இருந்தது.

"இருந்தாலும்," என்றார், "ஆஸ்பத்திரிக்கு ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாம்."